விலையுயர்ந்த எண்ணெயும் வழுக்கிய வண்டியும்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருஞ்சாலையிலே, பாலாவிச் சந்தியில் திரும்பிச் சென்றால், ஒரு பக்கம் கடனீரேரியும் மறுபக்கம் பெருங்கடலும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டை அடையலாம். நுரைச்சோலையின் மின்னிலையத்தையும் தலவிலத் திருத்தலத்தையும் கடந்து செல்லும் அவ்வழி, ஒல்லாந்தர் கட்டிய பழங்கோட்டை நிற்கும் ஊரிலே சென்று முடியும். மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று ஓயாது வீசும் அக்கரையில், பட்டத்தின் இழுவையிலே நீர்மேற் சறுக்கி விளையாட வெளிநாட்டார் வருகின்றனர். அவர்களை மணல்மேடுகளின்மேல் ஏற்றிச் செல்ல, ஏ.டி.வி. எனப்படும் நான்கு சில்லு வண்டிகளும் அங்கே ஓடுகின்றன. குட்டையான உடலும் கொழுத்த றப்பர்ச் சில்லுகளும் மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடியும் உடையவை அவை.

கடந்த ஆடி உற்சவத்திற்காக உடப்புக்குச் சென்றிருந்த நாம், கற்பிட்டிக்கும் சென்று, நம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவனைக் கண்டோம். மனைவியின் நகைகளை ஈடு வைத்துப் பழைய வண்டியொன்றை வாங்கி, அதனாலேயே குடும்பம் நடத்துபவன் அவன். காற்றுக்காலம் உச்சத்தில் இருந்தும், அவனது வண்டியோ வேலியோரம் சும்மா நின்றது.

“எஞ்சின் இரைகிறது சேர், ஆனால் மேட்டில் வண்டி ஏறமாட்டேன் என்கிறது” என்றான்.

“எண்ணெய் ஏதும் மாற்றினாயா?”

“போன வாரந்தான் மாற்றினேன். கடையில் இருந்தவற்றுள் விலை கூடியதையே வாங்கினேன். புதுக் காருக்குப் போடுவது என்றார்கள்.”

நோயின் மூலம் அந்தக் கடைசி வாக்கியத்திலேயே இருந்தது. விலை கூடியது மேலானது என்று நம்புவது நம்மவர் இயல்பு. ஆனால் எண்ணெயை விலை பார்த்துத் தெரிவு செய்தல் ஆகாது. இயந்திரத்தின் அமைப்பையும் அது உழைக்கும் இடத்தையும் பார்த்தே தெரிவு செய்தல் வேண்டும். வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர்க்கும் இது பொருந்துமாதலின், சற்று விரித்துரைப்போம்.

எண்ணெயின் தொழில் யாது?

மாட்டுவண்டிக் காலத்தில் நம் முன்னோர் ஆமணக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து அச்சுக்கு மையிட்டனர். அதே ஆமணக்கெண்ணெய் மேல்நாட்டிலும் ஆரம்பகால எஞ்சின்களுக்கு உதவியது. 1909-ஆம் ஆண்டில் தோன்றிய ‘காஸ்ட்ரோல்’ என்ற பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே. வண்டி அச்சுக்கு வேண்டியது வழுவழுப்பு ஒன்றுதான். எஞ்சின் எண்ணெய்க்கோ பல வேலைகள் உண்டு. உராய்வைக் குறைத்தல், வெப்பத்தை ஏந்திச் செல்லல், கரியையும் அழுக்கையும் கழுவி வைத்திருத்தல், பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை அடைத்தல், துருவைத் தடுத்தல் ஆகிய யாவும் அதன் கடமைகளே.

எரிபொருட் கலவையை உள்ளிழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியேற்றல் என நான்கு வீச்சுகளில் தொழிற்படுவது நான்கடிப்பு எஞ்சின். அதன் எண்ணெய் அடித்தட்டில் தனியே தங்கி, மீண்டும் மீண்டும் சுற்றி வரும். ஈரடிப்பு எஞ்சினிலோ எண்ணெய் எரிபொருளோடு சேர்ந்து எரிந்து போகும். மீனவர் வீடுகளில் படகு எஞ்சினுக்காக வைத்திருக்கும் ஈரடிப்பு எண்ணெயை, அவசரத்திற்கு என்றுகூட நான்கடிப்பு எஞ்சினின் அடித்தட்டில் ஊற்றலாகாது. எரிந்து போவதற்கென்று செய்த எண்ணெய், நெடுநாள் தங்கி உழைக்க வல்லதன்று.

ஒரே எண்ணெய், இரு வேறு வேலைகள்

காரின் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய். அதன் கியர்ப்பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கையாற் கியர் மாற்றும் கார்களில் கிளச்சுத் தட்டு உலர்ந்த இடத்தில் இருக்கும். ஆனால் மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலான நான்கடிப்பு ஏ.டி.வி.களிலும் எஞ்சினும் கியரும் கிளச்சும் ஒரே எண்ணெயிலேயே நீராடுகின்றன. பிஸ்டனுக்கு வழுக்க வேண்டும். கிளச்சுக்கோ பற்ற வேண்டும். ஒரே எண்ணெய் இவ்விரண்டுக்கும் துணைபுரிதல் வேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல்.

எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நோக்கத்துடன், இக்காலக் கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வை மிகவும் குறைக்கும் மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. காருக்கு அவை நன்மை. நனைந்த கிளச்சிலோ, தட்டுகள் ஒன்றையொன்று பற்றாமல் வழுக்கிச் சுழலும்; வழுக்க வழுக்கச் சூடேறித் தீயும். நம் மாணவனின் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

போத்தல் பேசும் மொழி

எண்ணெய்ப் போத்தலில் மூன்று குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் ஏமாறார்.

முதலாவது, அமெரிக்காவில் 1905-இல் தோன்றிய பொறியியலாளர் சங்கம் வகுத்த எஸ்.ஏ.ஈ. என்னும் தடிப்புக் குறி. ‘10 டபிள்யூ-40’ என்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பு எவ்வளவு என்பதையும் உணர்த்தும். முன்னெண் குறையக் குறையக் கடுங்குளிரிலும் ஓடும். பனி பெய்யாத புத்தளத்தில் 0, 5 என்ற முன்னெண்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 10 டபிள்யூ-40 இங்கே பல வண்டிகளுக்குப் பொருந்தும். சிலவற்றுக்கு 20 டபிள்யூ-50 விதிக்கப்பட்டிருக்கும். தடிப்பு மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்று எண்ணலாகாது. தேவைக்கு மேல் தடித்த எண்ணெய், எஞ்சின் கிளம்பும்போது உறுப்புகளை அடையத் தாமதிக்கும், பெற்றோலையும் வீணாக்கும்.

இரண்டாவது, ஏ.பி.ஐ. என்னும் தரக்குறி. ‘எஸ்’ என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு. ‘சி’ என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்கு. எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என இரண்டாம் எழுத்து முன்னேற முன்னேற அது பிற்காலத் தரமாகும். இவ்வட்டக் குறியின் கீழ்ப்பாதியில் ‘சக்திச் சிக்கனம்’ அல்லது ‘வளச் சிக்கனம்’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் இருந்தால், நனைந்த கிளச்சுள்ள வண்டிக்கு அப்போத்தலைத் தவிர்த்தலே நன்று.

மூன்றாவதே நமக்கு இன்றியமையாதது: யப்பானியர் 1998-இல் நான்கடிப்பு மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு வகுத்த ‘ஜாசோ’ என்னும் குறி. எம்.ஏ., எம்.ஏ.2 என்பன நனைந்த கிளச்சுக்கு ஏற்றவை. எம்.பி. என்பது உராய்வு குறைந்தது. உலர்ந்த கிளச்சுள்ள ஸ்கூட்டர் முதலியவற்றுக்கு உரியது. பட்டிவாரினால் இயங்கும் ஏ.டி.வி.களிலும் சிலவற்றில் கிளச்சு எண்ணெயில் நனைவதுண்டு. ஆகவே, வண்டியோடு வந்த கைநூல் சொல்வதே இறுதித் தீர்ப்பு. கனிய எண்ணெயா, செயற்கை எண்ணெயா என்ற வினா இவற்றுக்கெல்லாம் பின்னரே எழுவது.

மணலும் உப்புநீரும்

சரியான எண்ணெயை ஊற்றியவுடன் கடமை முடிந்ததா? இல்லை. கற்பிட்டியின் நுண்மணல், கிழிந்த அல்லது அழுக்கடைந்த காற்று வடிகட்டியின் வழியே உட்புகுந்தால், எண்ணெயோடு கலந்து அரத்தைப் போல் உறுப்புகளை அராவும். வடிகட்டியை அடிக்கடி கழுவி, உலர்த்தி, கைநூலின்படி பேணல் வேண்டும். மணலிலும் மெதுவான கடும் ஓட்டத்திலும் உழைக்கும் வண்டிக்கு, வழக்கமான காலத்திற்கு முன்னரே எண்ணெயை மாற்றுதல் அவசியம்.

எண்ணெய் கறுத்துவிட்டதைக் கண்டு மருள வேண்டாம். அழுக்கைத் தன்னுள் ஏந்தும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். பால்போல் வெளுத்துக் கலங்கியிருந்தாலே அஞ்ச வேண்டும்; நீர் புகுந்ததன் அடையாளம் அது. கடனீரேரி ஓரத்தில் ஆழத்தில் இறங்கிய வண்டியை அன்றே சோதித்துப் பார்த்தல் நல்லது. அளவுக்குறிக்கு மேலும் ஊற்றலாகாது. மிகை எண்ணெய் நுரைத்து, காக்கும் தன்மையை இழக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழித்த எண்ணெயை வேலியோரம் ஊற்றிவிடுவது பலரது வழக்கம். மணல் அதனை உடனே உறிஞ்சிக் கண்ணுக்கு மறைத்துவிடும். ஆனால் அம்மணலுக்கு அடியிலிருக்கும் நன்னீர்தான் கற்பிட்டியின் கிணறுகளையும் தோட்டங்களையும் வாழவைக்கிறது. மறைந்தது என்று நாம் எண்ணுவது, நாளை குடத்தில் வந்து நிற்கும். ஆதலால் பழைய எண்ணெயை மூடியுள்ள கலத்தில் சேர்த்து, அதனை ஏற்கும் வாகனத் திருத்தகத்திடம் ஒப்படைத்தல் வேண்டும்.

நம் மாணவன் அந்த எண்ணெயை முற்றாக வடித்து, ஜாசோ எம்.ஏ. குறியுள்ளதை ஊற்றினான். விலை முன்னையதிலும் குறைவு! ஆயினும் தட்டுகள் முன்னரே தீய்ந்திருந்தமையால் அவற்றையும் மாற்ற நேர்ந்தது. பதினொரு நாள் உழைப்பு போயிற்று. நகை மீட்கும் நாள் தள்ளிப்போயிற்று.

“கைநூல் பெட்டிக்குள்ளேயே இருந்தது சேர், நான் பிரித்துப் பார்க்கவில்லை” என்று தலைகுனிந்தான்.

நான்கு ஆண்டுகள் அவனுக்குப் பௌதிகம் கற்பித்தோம். உராய்வு விதிகளைக் கரும்பலகையில் எழுதினோம். அவனும் மனனஞ் செய்து தேர்வில் எழுதினான். ஆனால் ஓர் எண்ணெய்ப் போத்தலை வகுப்புக்குக் கொண்டுசென்று அதிலுள்ள எழுத்துக்களை வாசித்துக் காட்ட நமக்குத் தோன்றவில்லை. தலைகுனிய வேண்டியவன் அவன் மட்டுமல்லன். இந்தத் தவணை தொடங்கிய நாள்முதல், நம் வகுப்பறை மேசையில் ஒரு வெற்றுப் போத்தல் நிற்கிறது.