பிள்ளைத்தாச்சி முதுகில் யார் கை வைப்பது?

பழவேற்காடு ஏரியில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. வலை கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவுகிறார்கள். அகப்பட்ட இறால், பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போகிறது. மணிக்கணக்காகக் கழுத்துக்குச் சுமை, இடுப்புக்கு வளைவு. கரையில் கூடை சுமக்கும் பெண்ணின் முதுகும், வீட்டில் உட்கார்ந்து பனையோலை முடையும் பெண்ணின் முதுகும் வேறு வேறு விதமாக உழைக்கின்றன. இவர்களில் யார் மாசமாக இருந்தாலும் ஆறாம், ஏழாம் மாதத்தில் "இடுப்பு கழண்டு போற மாதிரி இருக்கு" என்று சொல்வது சகஜம்.

அந்தக் காலத்தில் இதற்குச் சுளுக்கு வழிப்பவர் இருந்தார். காலால் பிறந்தவர் முதுகில் மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. எலும்பு முறிந்தால் எல்லையைத் தாண்டி ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டு. இப்போது கைப்பேசி வேறொருவரைக் காட்டுகிறது. குப்புறப் படுத்தவரின் முதுகில் கை வைத்து ஓர் அழுத்து, 'மளுக்' என்று சத்தம், எழுந்தவர் முகத்தில் சிரிப்பு. அவர்தான் கைரோபிராக்டர். பழவேற்காட்டிலிருந்து சென்னை அறுபது கிலோமீட்டருக்குள்தான். வயிற்றில் பிள்ளையோடு அங்கே போகலாமா?

முதலில் இடுப்பு ஏன் கழன்று போவதுபோல் இருக்கிறது என்று பார்ப்போம். 1926-இல் ஃபிரெடெரிக் ஹிஸா என்ற அமெரிக்க விஞ்ஞானி, சினைப்பட்ட கினிப்பன்றியின் இடுப்பெலும்பு இணைப்பை இளக வைக்கும் ஒரு பொருளைக் கண்டறிந்தார். ரிலாக்ஸின் என்று பின்னால் பெயர் பெற்ற அந்த ஹார்மோன் மனிதப் பெண்களுக்கும் சுரக்கிறது. எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் கர்ப்பத்தில் தளர்வதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் ஒரு பெண்ணுக்கு வலி எவ்வளவு என்பதை ரிலாக்ஸின் அளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடம்பின் எடைமையமும் முன்னால் போகிறது. விழாமல் நிற்க முதுகு பின்னால் சாய்கிறது. 2007-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகப் பிடித்தமானது. இடுப்பு வளைவைத் தாங்க ஆணின் கீழ்முதுகில் இரண்டு முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் இருக்கின்றன, பெண்ணுக்கு மூன்று. இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸ்திரலோபிதிகஸ் என்ற மனித மூதாதை இனத்தின் எலும்புகளிலும் இந்த வேறுபாட்டின் அடையாளம் தெரிகிறது. அந்தக் காலத்திலிருந்தே பிள்ளைச் சுமைக்கென்று முதுகு தன்னைத் தயார்செய்து வந்திருக்கிறது. அப்படியும் கர்ப்பிணிகளில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் கீழ்முதுகு வலி வருகிறது.

ஆகவே 'எலும்பு விலகிடுச்சு, தட்டி உட்கார வைக்கிறேன்' என்று ஒருவர் ஆரம்பித்தாலே சந்தேகப்படுங்கள். சாதாரண முதுகுவலியில் முள்ளெலும்பு அப்படி இடம்விட்டு நழுவுவதில்லை. மளுக் சத்தம் எலும்பு உட்காரும் சத்தமும் அல்ல. விரல் சொடக்கும்போது மூட்டுத் திரவத்தில் ஒரு வாயுக் குழி உருவாவதை 2015-இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் எம்.ஆர்.ஐ. படமாகவே எடுத்துக் காட்டினார்கள். ஏற்கெனவே இளகிக் கிடக்கும் மூட்டுக்கு வேண்டியது அதைச் சுற்றியுள்ள தசைகளின் பிடிமானம். இன்னும் ஒரு சொடக்கு அதைத் தராது.

கைரோபிராக்டிக் மொத்தமும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. 1895-இல் டி. டி. பால்மர் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. அங்கே ஐம்பது மாநிலங்களிலும் உரிமம் பெற்றுத்தான் செய்ய முடியும். கர்ப்பிணிகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகள் கொஞ்சம்தான். வலி ஓரளவு குறைவதாகவும், பக்கவிளைவு பெரும்பாலும் சிறு வலியோடு போய்விடுவதாகவும் அவை சொல்கின்றன. சிக்கல் நம் ஊரில். பிசியோதெரபி, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கைரோபிராக்டருக்கென்று இங்கே தனிக் கவுன்சில் கிடையாது. பெயர்ப்பலகையை நம்ப முடியாது. நாம்தான் கேள்வி கேட்டாக வேண்டும்.

என்ன படித்தீர்கள், எங்கே, எத்தனை வருடம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அதைவிட முக்கியம், அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பது. எத்தனையாவது மாதம், ரத்தப்போக்கு உண்டா, நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்களா, பிரஷர் எவ்வளவு, எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று விசாரிக்காமல் முதுகில் கை வைப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ஐந்து மாதத்துக்கு மேல் வெகுநேரம் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரும். கழுத்தைத் திருகி உடைக்க விடவே விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கிழிந்துபோன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

காலால் பிறக்கவிருக்கும் பிள்ளையைத் திருப்பித் தருகிறேன் என்றும் சிலர் சொல்வார்கள். வெப்ஸ்டர் முறை என்று அதற்குப் பெயர். காலால் பிறந்தவர் மிதித்தால் முதுகு சரியாகும் என்றார்கள் நம் பாட்டிமார். முதுகைச் சரிசெய்தால் காலால் பிறக்க இருந்தது திரும்பும் என்கிறது அமெரிக்காவிலிருந்து வந்த இந்த முறை. இரண்டுக்கும் வலுவான சான்று இல்லை. பிள்ளையைத் திருப்ப மருத்துவமனையில் வேறு வழி உண்டு. சுமார் 37 வாரத்தில், ஸ்கேன் பார்த்து, பிள்ளையின் நாடித்துடிப்பைக் கவனித்துக்கொண்டே மருத்துவர் வயிற்றின் மேலிருந்து திருப்புவார்.

குப்பத்துப் பெண்ணுக்கு இதற்காகச் சென்னைப் பயணம் தேவையா என்பதே என் கேள்வி. கிராம சுகாதார செவிலியர் வரும்போது வலி எந்த இடத்தில், எப்போது கூடுகிறது என்று அவரிடமே சொல்லலாம். மாதந்தோறும் ஒன்பதாம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் பரிசோதனை இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், முக்கியமாக ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது என்றாலும், வட்டார அளவில் பிசியோதெரபிஸ்டை ஊருக்குள் கொண்டுவந்தது. இடுப்புப் பட்டி கட்டுவதையும், நாலு பயிற்சிகளையும் அவர் சொல்லித் தந்தாலே பாதி வேலை முடிந்தது. மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் விழுங்குவது மட்டும் வேண்டாம்; ஐந்தாம் மாதத்துக்கு மேல் அது பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

விட்டுவிட்டு வரும் வலி, ரத்தம், நீர் உடைதல், காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, கால் மரத்துப்போதல், பிள்ளை அசைவு குறைதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த முதுகு வைத்தியரும் வேண்டாம்; 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்ற நாட்களில், இடுப்பளவு தண்ணீரில் நிமிர்ந்து நின்றால் கால்கள் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏரிக்கரைக்காரர்களுக்கு இது செலவில்லாத சிகிச்சை. துணை ஒருவர் இருக்கட்டும், சேறு வழுக்கும். இரவில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, பழைய புடவை ஒன்றைச் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.