36 மணி நேர டூட்டி

1992-ல் போட்ட உத்தரவு தூங்குகிறது. பயிற்சி டாக்டர்கள்தான் தூங்குவதில்லை.

காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழையும் முதுநிலை மருத்துவ மாணவருக்குப் பகல் முழுவதும் ஓ.பி. இரவு கேஷுவால்டி. விடிந்ததும் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் கேஸ் ஷீட்டுகளை எழுதி முடிக்க வேண்டும். பிறகு அறைக்குப் போய்ப் படுக்கலாமா? முடியாது. அன்றைய பகல் வேலை காத்திருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வெளியே வரும்போது கணக்குப் பார்த்தால் 36 மணி நேரம். டெல்லியோ மும்பையோ சென்னையோ, அரசு மருத்துவக் கல்லூரிகளில் இது யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை.

2024 ஆகஸ்ட் 9-ல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி டாக்டர் ஒருவர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட டூட்டிக்கு நடுவே அவர் ஓய்வெடுக்கப் போன இடம் கருத்தரங்கு அறை. அதே மாதம் அந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், 36 மணி நேரப் பணி மனிதத்தன்மையற்றது என்றது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 1992 ஜூன் 5-ம் தேதியிட்ட மத்திய சுகாதார அமைச்சகத்தின் உத்தரவு தெளிவாகவே இருக்கிறது: தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஜூனியர் ரெசிடென்ட்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை. ஆனால் ‘சாதாரணமாக’ என்ற ஒரு வார்த்தைக்குள் ஒரு ஆஸ்பத்திரியே நுழைந்துவிடலாம்.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024-ல், தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு மாணவர்களின் மனநிலையை ஆராய்ந்தது. ஆய்வில் கலந்துகொண்ட 5,337 முதுநிலை மாணவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் எழுந்ததாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வார விடுமுறையே கிடையாது. குழுவின் பரிந்துரை: வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 48 எப்போது 74 ஆனது?

அந்த ஆண்டு வெளியான கணக்குப்படி, முந்தைய ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 58 பேர் முதுநிலை மாணவர்கள். படிப்பைக் கைவிட்ட 1,270 பேரில் 1,117 பேரும் அவர்களே. நீட் தேர்வில் முட்டி மோதிப் பிடித்த சீட் அது. விட்டுவிட்டுப் போகவும் பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் பாண்டு பணம் கட்ட வேண்டியிருந்தது.

புகார் செய்யலாமே? தீசிஸில் கையெழுத்துப் போடுகிறவரும் தேர்வறையில் எதிரே உட்காருகிறவரும் பெரும்பாலும் அதே துறைப் பேராசிரியர்கள்தான். “நாங்களும் இப்படித்தான் வந்தோம்” என்பார்கள். அவர்கள் காலத்தில் ஒரு வார்டில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. பெரிய அரசு மருத்துவமனைகள் ஓடுவதே ரெசிடென்ட்களால்தான். அவர்கள் ஸ்டிரைக் செய்தால் ஓ.பி. முடங்கிவிடுகிறது. ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவதும், டிராலி தள்ளுவதும்கூட அவர்கள் தலையில்தான். முப்பத்து நான்காவது மணி நேரத்தில் மருந்தின் அளவை எழுதும் கை நடுங்கினால் நஷ்டம் கட்டிலில் படுத்திருப்பவருக்கு.

2023 டிசம்பரில் வந்த புதிய முதுநிலைக் கல்வி விதிமுறைகள் ‘நியாயமான பணி நேரம்’ வேண்டும் என்கின்றன. எத்தனை மணி நேரம் என்று எண் போடவில்லை. அதை டூட்டி பட்டியல் தயாரிப்பவர் போட்டுக்கொள்கிறார்.