மாநிலச் சட்டமும் மக்களின் பங்கும்

சட்டம் இயற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உரியது. ஆயினும் ஒரு சட்டத்தின் தேவையை முதலில் உணர்வோர், அது இல்லாமையால் இழப்புக்கு உள்ளாகும் மக்களே ஆவர். அவர்கள் தம் தேவையை முறைப்படி எடுத்துரைத்தால் மாநிலச் சட்டமே உருப்பெறக்கூடும் என்பதற்கு ராஜஸ்தான் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

கூலியில் தொடங்கிய கேள்வி

ராஜஸ்தானின் வறண்ட பகுதிகளில் வறட்சி நிவாரணப் பணிகளே பல குடும்பங்களுக்கு வாழ்வாதாரமாக இருந்தன. அங்கு உழைத்தோருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிட்டவில்லை. 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு இதற்குக் காரணம் தேடியது. முன்னாள் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி அருணா ராய் இதனை நிறுவியவர்களுள் ஒருவர். வேலை செய்ததற்குச் சான்று, அரசு அலுவலகத்தில் உள்ள வருகைப் பட்டியல். அதனைப் பார்க்கும் உரிமையோ அப்போது தொழிலாளருக்கு இருக்கவில்லை.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதலாவது பொது விசாரணைக் கூட்டம் நடைபெற்றது. இத்தகைய கூட்டங்களில் பணிப் பதிவுகள் மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டதும், முடிவடையாத பணிகள் முடிந்ததாகக் காட்டப்பட்டதும் வெளிப்பட்டன.

ஆவண நகல்கள் மக்களுக்கு வழங்கப்படும் என 1995இல் முதலமைச்சர் அறிவித்தார். ஆணை வெளிவராமையால், 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா நாற்பது நாட்கள் நீடித்தது. 1997இல் ஜெய்ப்பூரில் ஐம்பது நாட்களுக்கும் மேலாக மற்றொரு தர்ணா நிகழ்ந்தது. அதன் இறுதியில், பஞ்சாயத்து ஆவணங்களின் நகல் பெறும் உரிமை 1996 டிசம்பரிலேயே அறிவிக்கையாக வெளியிடப்பட்டுவிட்டது என்று அரசு தெரிவித்தது. கேட்ட உரிமை கையில் இருந்தும் மக்கள் அதனை அறியவில்லை! அரசிதழில் அச்சாவது மட்டுமே ஓர் உரிமையை மக்களிடம் சேர்த்துவிடாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

2000ஆம் ஆண்டில் ராஜஸ்தான் தகவல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்நாடும் கோவாவும் 1997இலேயே இத்தகைய சட்டங்களை இயற்றியிருந்தன. 2005இல் நாடாளுமன்றம் நாடு தழுவிய சட்டத்தை இயற்றியது.

குடிமக்களுக்குரிய வாயில்கள்

மாநில மசோதா ஒன்று சட்டமாகும் வரையில் மக்கள் கருத்துக்கு இடமளிக்கும் கட்டங்கள் சில உண்டு.

முதலாவதாக, மசோதாவைப் பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு அனுப்பவோ, தெரிவுக் குழுவின் ஆய்வுக்கு விடவோ பேரவை தீர்மானிக்கலாம்.

இரண்டாவதாக, பல பேரவைகளில் மனுக்கள் குழுக்கள் இயங்குகின்றன. தொகுதி உறுப்பினர் வாயிலாகத் திருத்தங்களையும் வலியுறுத்தலாம்.

மூன்றாவதாக, சட்டம் நிறைவேறிய பின் விதிகள் வகுக்கப்படுகின்றன. பல சட்டங்கள், வரைவு விதிகளை முன்னதாக வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் எனப் பணிக்கின்றன. மக்கள் பெரும்பாலும் தவறவிடும் கட்டம் இதுவே. கட்டணம், காலவரம்பு, மேல்முறையீடு ஆகியவை விதிகளிலேயே பெரிதும் முடிவாகின்றன.

மத்திய அரசின் வரைவுச் சட்டங்கள் குறைந்தது முப்பது நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என 2014இல் முடிவு செய்யப்பட்டது. மாநிலங்களை இம்முடிவு கட்டுப்படுத்தாது. ஆகவே மாநில அளவில் குடிமக்களின் விழிப்பு மேலும் தேவையாகிறது.

செய்ய வேண்டுவது

கோரிக்கை பொதுப்படையாக அமைந்தால் பயன் குறைவு. எந்தப் பிரிவு, எத்தகைய பாதிப்பு, அதற்குரிய மாற்று வாசகம் யாது என்பவற்றை எழுத்தில் தருதல் நன்று. உள்ளூர் ஆவணங்களும் கிராம சபையின் தீர்மானமும் அதற்கு வலுவூட்டும்.

அலுவலர்களுக்கும் இதில் கடமை உண்டு. வரைவை மக்கள் மொழியில், எளிய நடையில், உரிய காலத்தில் ஊராட்சி அலுவலகம் வரை கொண்டு சேர்த்தல் வேண்டும். வருகைப் பட்டியலைப் பார்க்க விரும்பிய கூலித் தொழிலாளர்களின் கேள்வி ஒரு சட்டத்துக்கு வித்திட்டது. அத்தகைய கேள்விகளைச் செவிமடுக்கும் நிருவாகமே இயற்றிய சட்டத்தைச் செவ்வனே நடைமுறைப்படுத்தவும் இயலும்.