வனத்தில் கூடும் சுற்றம்

நுழையும்முன்

கூட்டுக்குடும்பங்கள் இன்று அருகி வருகின்றன. கல்வியும் பணியும் ஒரே கால்வழியினரை வெவ்வேறு ஊர்களில் குடியமர்த்தியுள்ளன. ஆயினும், ஆண்டில் சில நாள்கள் அவர்களை ஒரே இடத்தில் தங்கவைக்கும் மரபொன்று தென்தமிழகத்தில் நிலவுகிறது. தாமிரபரணிக் கரையில் குடில் அமைத்துக் குலதெய்வத்தை வழிபடும் அம்மரபினையும், அது இன்று எதிர்கொள்ளும் சிக்கலையும் இப்பாடம் விளக்குகிறது.

குலதெய்வமும் கால்வழியும்

ஒரு கால்வழியினர் தலைமுறை தலைமுறையாக வணங்கிவரும் தெய்வம் குலதெய்வம் எனப்படும். குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தாலும் குலதெய்வத்தின் இருப்பிடம் பெரும்பாலும் பெயர்வதில்லை. பிறந்த குழந்தைக்கு முடியிறக்கவும், காது குத்தவும், திருமண அழைப்பிதழை முதலில் வைத்து வணங்கவும் அவ்விடத்திற்கே திரும்புகின்றனர். பிரிந்து வாழும் உறவினர்க்குப் பொதுவான முகவரியாகக் குலதெய்வக் கோயில் அமைகிறது எனலாம்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இவ்வழிபாடு வலுவாக வேரூன்றியுள்ளது. கோடை தொடங்கும் பங்குனி உத்திர நாளில், மக்கள் தத்தம் சாஸ்தா கோயிலைத் தேடிச் செல்வர். மரநிழலில் பாய் விரித்து, பொங்கலிட்டு, சுற்றத்தோடு உண்டு மகிழ்வர். இதைவிட நீண்ட தங்கலுக்குப் பெயர்பெற்றது, பாபநாசத்திற்கு மேற்கே காரையாறு வனப்பகுதியிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழா ஆகும். பல்வேறு சமூகத்தினர் இவ்வய்யனாரைக் குலதெய்வமாகக் கொண்டுள்ளனர். கோயில் வளாகத்தில் சங்கிலி பூதத்தார், பட்டவராயன், தூசி மாடன் முதலிய துணைத் தெய்வங்களும் வழிபடப்படுகின்றனர்.

குடில் வாழ்க்கை

சாலைகள் செம்மைப்படாத காலத்தில் இப்பயணம் மாட்டுவண்டிகளில் நிகழ்ந்தது. அரிசி, பருப்பு, அண்டா, பாய், படுக்கை ஆகியவற்றோடு ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் வண்டியேறும். ஆற்றங்கரையில் கம்பு நட்டு, ஓலை வேய்ந்து குடில் அமைப்பர். பிற்காலத்தில் ஓலையின் இடத்தைத் தார்ப்பாய் பெற்றது.

காட்டில் தங்குமிடம் அமைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, காட்டின் நடுவே அமைந்த பாசறையையும் அதன் தழைவேய்ந்த கூரைகளையும் காட்டுகிறது. அது போருக்காகப் பிரிந்து சென்றோர் தங்கிய இடம். ஆற்றங்கரைக் குடிலோ, பிரிந்து வாழ்வோர் கூடித் தங்கும் இடம்.

குடிலில் அறைகள் இல்லை. பூட்டும் கதவுகள் இல்லை. வீட்டில் தனித்தனியே இயங்குவோர் இங்கு ஒரே அடுப்பைச் சுற்றி இயங்க வேண்டியுள்ளது. மூன்று கல் கூட்டி அடுப்பமைப்பவர் ஒருவர். குடத்தில் நீர் சுமப்பவர் ஒருவர். தேங்காய் துருவுபவர் ஒருவர். பந்தியில் இலை போடுபவர் ஒருவர். நகரத்தில் உயர்பதவி வகிப்பவரும் ஊரில் வயலுழுபவரும் ஒரே அண்டாவின் இருபுறம் பிடித்து இறக்குகின்றனர். செலவும் பகிரப்படுகிறது. மணமான ஒவ்வோர் ஆடவரின் குடும்பத்தையும் ஒரு தலைக்கட்டு எனக் கணக்கிட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என வரி பிரிப்பது பல கால்வழிகளின் வழக்கம். செல்வருக்கும் எளியவருக்கும் வரி ஒன்றே. ஆகவே, படையலில் அனைவர்க்கும் சம உரிமை உண்டு.

முறை அறியும் களம்

தமிழ் உறவுமுறை நுட்பமான அமைப்புடையது. தந்தையுடன் பிறந்த ஆண்களின் மக்களும் தாயுடன் பிறந்த பெண்களின் மக்களும் உடன்பிறந்தாராகவே கருதப்படுவர். அத்தையின் மக்களும் தாய்மாமனின் மக்களும் மைத்துனர் முறையினர் ஆவர். முன்னவரை அண்ணன், தங்கை என அழைக்கும் குழந்தை, பின்னவரை மச்சான், மதினி என அழைக்கிறது. பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்னும் தெளிவு இவ்வழைப்பிலேயே பிறக்கிறது.

தனிக்குடும்பத்தில் வளரும் குழந்தைக்கு இச்சொற்களைப் பயன்படுத்தும் வாய்ப்பு குறைவு. குடிலில் தங்கும் நாள்களில் அவை நாவில் படிகின்றன. “பெரியப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு”, “அத்தையிடம் கரண்டி வாங்கி வா” என்னும் சிறு ஏவல்களின் வழியே குழந்தை தன் சுற்றத்தை அறிகிறது. இரவில், அடுப்பு தணிந்தபின் ஆச்சி சொல்லும் பழங்கதைகளில், தான் கண்டிராத முன்னோரின் பெயர்களையும் கேட்கிறது. ஆடி அமாவாசை முன்னோரை நினைவுகூரும் நாளாகவும் இருப்பதால், அக்கதைகள் தக்க வேளையிலேயே சொல்லப்படுகின்றன.

மணமாகிச் சென்ற பெண்ணுக்குக் கணவன் வீட்டுக் குலதெய்வமே குலதெய்வமாகிறது. எனினும், அவள் குழந்தைக்கு முடியிறக்கும்போது, குழந்தையை மடியில் இருத்திக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்கே உரியது. இவ்வாறு, பிறந்த வீட்டாரும் புகுந்த வீட்டாரும் ஒரே குடிலின் கீழ் அமர நேர்கிறது. பாகப்பிரிவினையால் பேச்சு நின்ற உடன்பிறந்தார்கூட, படையலிடும் வேளையில் ஒரே வரிசையில் நிற்க வேண்டியவர் ஆகின்றனர். பிணக்குகள் அனைத்தும் தீர்ந்துவிடும் என்று கூறவியலாது. ஆயினும், பேசத் தொடங்குவதற்கு ஓரிடம் கிடைக்கிறது.

உழைப்பால் அமைந்த உறவு

இக்கோயிலின் துணைத் தெய்வமாகிய பட்டவராயனின் கதையும் உறவையே பேசுகிறது. முத்துப்பட்டன் கதை என வழங்கும் இக்கதைப்பாடலை ஆய்வறிஞர் நா. வானமாமலை பதிப்பித்துள்ளார். அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், தோல்தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை மணக்க விழைகிறான். பெண்களின் தந்தை உடனே இசையவில்லை. பூணூலையும் குடுமியையும் துறந்து, தம் தொழிலைக் கற்றுச் செருப்புத் தைத்து வருமாறு கூறுகிறார். பட்டன் அவ்வாறே செய்து அக்குடும்பத்தில் ஒருவனாகிறான். பின்னர், தன் மாமனாரின் மாடுகளைக் கவர வந்தோரோடு பொருது உயிர் துறக்கிறான். இன்றும் பட்டவராயனுக்குத் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர்.

பிறப்பு வகுத்த எல்லையைத் தாண்டி, உடன் உழைப்பதால் ஒருவன் உறவினன் ஆகிறான் என்பதே இக்கதை உணர்த்தும் கருத்து. நீர் சுமந்தும் அடுப்பூதியும் உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் குடில் வாழ்க்கைக்கு இக்கதை பொருத்தமான பின்புலமாக விளங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

களக்காடு, முண்டந்துறை ஆகிய இரு சரணாலயங்களையும் இணைத்து, 1988ஆம் ஆண்டு களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவாக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாகும். இப்பகுதியை உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் இடம்பெற்றது.

காட்டின் நிலை

சொரிமுத்து அய்யனார் கோயில் இப்புலிகள் காப்பகத்தினுள் அமைந்துள்ளது. புலி, சிறுத்தை, யானை, கரடி முதலியன வாழும் காடு இது. காணிப் பழங்குடியினரின் வாழிடமும் இதுவே. சில குடும்பங்கள் வண்டிகட்டி வந்த காலத்தில் காடு தாங்கிய சுமை வேறு. விரைவான போக்குவரத்து வளர்ந்தபின் பெருந்திரளானோர் ஒரே வாரத்தில் கூடும்போது தாங்கும் சுமை வேறு. நெகிழிப் பைகள், உணவுக் கழிவுகள், ஆற்றில் விடப்படும் பழைய துணிகள், சோப்புக் கரைசல் ஆகியவை நீரையும் கரையையும் கெடுக்கின்றன. எஞ்சிய உணவைத் தேடி வரும் விலங்குகள் நெகிழியையும் சேர்த்து விழுங்குகின்றன. விறகுக்காக ஒடிக்கப்படும் கிளைகள் காட்டின் பசுமையைக் குறைக்கின்றன.

இதனால், தங்கும் நாள்களைக் குறைத்தல், தனியார் வாகனங்களைத் தடுத்துப் பேருந்துகளை இயக்குதல், நெகிழிப் பொருள்களைச் சோதனைச் சாவடியில் தடுத்தல் முதலிய கட்டுப்பாடுகள் அண்மை ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்துள்ளன. பல நாள் தங்கிப் பழகிய முதியோர்க்கு இது வருத்தம் தருகிறது. தம் முன்னோர் வழிபட்ட இடத்தில் தாம் அயலார்போல நடத்தப்படுவதாக அவர்கள் கருதுகின்றனர். அவ்வருத்தம் புறந்தள்ளத்தக்கதன்று. காட்டைக் காக்கும் பொறுப்புடையோரின் கவலையும் அத்தகையதே.

ஆற்றின் போக்கை நோக்கினால் இவ்விரு தரப்பும் எதிரெதிர் நிற்பன அல்ல என்பது விளங்கும். பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியில் இறங்கி, எட்டு அணைக்கட்டுகளின் வழியே வயல்களுக்குப் பாய்ந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் இவ்வாற்று நீரையே பருகுகின்றன. குடிலில் தங்கியவர் ஆற்றில் விட்ட அழுக்கு, அவர் ஊர் திரும்புமுன்னரே அவர் ஊரை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. ஆற்றைக் கெடுப்பவர் தம் சுற்றத்தின் குடத்தையே கெடுக்கிறார்.

இளையோர் கடமை

குடிலில் ஒவ்வொருவர்க்கும் ஒரு வேலை உண்டு என்பதே இம்மரபின் அடிப்படை. அவ்வேலைப் பட்டியலில் இன்னும் சிலவற்றைச் சேர்ப்பது காலத்தின் தேவை. வாழையிலையும் துணிப்பையும் மட்டுமே எடுத்துச் செல்லுதல், சோப்பின்றி நீராடுதல், பழைய துணிகளை ஆற்றில் விடாதிருத்தல், சேர்ந்த குப்பையைக் கட்டி வெளியே கொண்டுவருதல் ஆகியவற்றைக் குடும்பத்தின் இளையோர் ஏற்றுச் செய்யலாம். அண்டா இறக்கும் பெரியோரின் வேலையைவிட இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

விருந்தினராகச் சென்ற வீட்டை அழுக்காக்கிவிட்டுத் திரும்புவதை எந்தத் தமிழ்க் குடும்பமும் ஏற்பதில்லை. அய்யனாரின் வனமும் அத்தகைய வீடே. குடிலைப் பிரித்துப் புறப்படும் நாளில், மூன்று அடுப்புக்கற்களும் இருந்த இடத்திற்கே திரும்பி, கரை முன்போல் கிடக்குமாயின், அடுத்த தலைமுறையும் அங்குக் கூடுவதற்கு வழியிருக்கும். தங்கும் நாள்கள் குறைந்தாலும் சுற்றம் கூடும் இடம் நிலைத்திருக்கும்.