நீதிமன்ற மேலாளர்கள்: தகுதியும் பதவியும்

மாவட்ட நீதிபதி ஒருவரின் அலுவல் நேரம் முழுவதும் வழக்கு விசாரணையிலேயே கழிவதில்லை. கட்டிடப் பழுது, ஊழியர் விடுப்பு, எழுதுபொருள் கொள்முதல், புள்ளிவிவர அறிக்கைகள், தணிக்கைக் குறிப்புகளுக்கு விளக்கம் ஆகிய யாவும் அவரது மேசைக்கே வந்து சேர்கின்றன. நீதி வழங்குவதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் இவற்றுக்காகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் விசாரணையிலிருந்து எடுக்கப்பட்டதேயாகும். மாவட்ட, சார்நிலை நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையிலிருக்கும் நாட்டில் இது சிறிய இழப்பன்று.

இந்நிலையை மாற்றும் பொருட்டே விஜய் கேல்கர் தலைமையிலான பதின்மூன்றாவது நிதிக்குழு, நீதி வழங்கலை மேம்படுத்தப் பரிந்துரைத்த ரூ. 5,000 கோடி மானியத்தில் ரூ. 300 கோடியை நீதிமன்ற மேலாளர்களுக்கென ஒதுக்கியது. எம்.பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் மாவட்ட நீதிமன்றங்களிலும் உயர் நீதிமன்றங்களிலும் அமர்ந்து, நிர்வாகத்தில் நீதிபதிகளுக்குத் துணைபுரிய வேண்டும் என்பது திட்டம். 2010 முதல் 2015 வரையிலான காலத்துக்கு இம்மானியம் உரியது. சட்டப் பட்டம் இன்றியமையாத தகுதியாகக் கருதப்படவில்லை. பணியாளர் நிர்வாகம், நிதி நிர்வாகம், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றில் அனுபவமே பல மாநிலங்களின் விளம்பரங்களில் வலியுறுத்தப்பட்டது.

இதன் புதுமையை உணர, நீதிமன்ற அலுவலகத்தின் பழைய அமைப்பை நினைவுகூர்தல் வேண்டும். சிரஸ்தேதார், நாசர், பெஞ்ச் கிளார்க், அமீனா ஆகியோரும், வட மாநிலங்களில் பேஷ்கார், அஹ்ல்மத் என்போரும் தத்தம் தொழிலைக் கல்லூரியில் கற்றவர்கள் அல்லர். கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, மூத்தவரின் அருகிலிருந்து, கட்டு எங்கே வைக்கப்படும், மனுவில் எக்குறை இருந்தால் திருப்பப்படும் என்பனவற்றை ஆண்டுக்கணக்கில் பழகி அறிந்தவர்கள். உயர் நீதிமன்றப் பதிவகத்தின் உயர் பதவிகளிலோ பெரும்பாலும் மாவட்ட நீதிபதிகளே அமர்த்தப்படுகின்றனர். இவ்விரு மரபுகளுக்கும் இடையில், நீதிமன்றத்துக்கு வெளியே பயின்ற ஒருவர் முதன்முறையாக நுழைந்தார்.

அவரால் ஆகக்கூடிய பணி யாது? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வழக்கொன்று மீண்டும் மீண்டும் வாய்தா பெறுகிறது. நாட்குறிப்பில் ‘அழைப்பாணை சார்வு செய்யப்படவில்லை’ என்ற ஒரே தொடர் காணப்படும். அமீனாவுக்கு அது ஒரு கட்டு. எழுத்தருக்கு ஒரு பதிவு. நீதிபதிக்கு அன்றைய பட்டியலில் ஓர் எண். ஆனால் மாவட்டம் முழுவதிலும் ஒரு மாதத்தில் திரும்பிய அழைப்பாணைகளைத் திரட்டி, முகவரி தவறானவை எத்தனை, கட்டணம் செலுத்தப்படாதவை எத்தனை, ஆள் பற்றாக்குறையால் எடுத்துச் செல்லப்படாதவை எத்தனை, வேறு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டுப் பதில் வராதவை எத்தனை என்று பிரித்துப் பார்த்தால், தாமதத்தின் காரணம் நான்கு வேறு நோய்களாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இவ்வாறு பிரித்தறிதல் சட்ட அறிவன்று, நிர்வாக அறிவு. 2007-இல் தொடங்கிய மின்-நீதிமன்றத் திட்டமும் பின்னர் ஏற்பட்ட தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பும் இதற்கு வேண்டிய விவரங்களைக் கணினியில் குவித்துள்ளன. அவற்றைப் படித்துக் கேள்வி எழுப்பும் ஆள்தான் தேவை.

எனினும் கேள்வி எழுப்புவதற்கு அந்த ஆளுக்கு இடம் வேண்டும். இங்கேதான் திட்டம் தடுமாறியது. பணி நிரந்தரமானது, பணமோ ஐந்தாண்டு மானியம். எனவே பல மாநிலங்களில் நியமனங்கள் ஒப்பந்த அடிப்படையில் அமைந்தன. ஊதிய உயர்வுக்கோ பதவி உயர்வுக்கோ உறுதியான வழியில்லை. பதினான்காவது நிதிக்குழு மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தி, நீதித்துறைக்கான கூடுதல் செலவை அதிலிருந்தே மேற்கொள்ளுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பொதுப் பணத்தில் கலந்த தொகைக்கு எத்தனையோ உரிமையாளர்கள்! நிதியில்லை என்ற காரணத்தால் சில மாநிலங்களில் மேலாளர்களின் பணி நிறுத்தப்பட்டது. காலவரையறையுள்ள மானியத்தைக் கொண்டு நிலையான பதவியை உருவாக்குவோர் அனைவரும் எதிர்நோக்கும் இடர்ப்பாடு இது.

அரசமைப்பு சார்ந்த சிக்கலும் உண்டு. 229-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்ற ஊழியர்களை நியமிப்பவர் தலைமை நீதிபதி. ஆனால் ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் பற்றிய விதிகளுக்கு ஆளுநரின் ஒப்புதல் தேவை. ஆகவே தேவையை உணர்பவர் நீதிமன்றம், செலவை ஏற்பவர் மாநில அரசு, தொடக்கத்தில் பணம் அளித்தது மத்திய அரசு என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்தது.

அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் 2018 ஆகஸ்டு 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நீதித்துறை மாவட்டத்திலும் மேலாளர் பதவி தேவை என்றும், ஏற்கெனவே பணியிலிருப்போரை நிரந்தரமாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. எம்.பி.ஏ. பட்டம் விரும்பத்தக்க தகுதி எனவும் கூறியது. நடைமுறை பெரிதும் மாறவில்லை. 2025 மே 16-ஆம் நாள் அதே நீதிமன்றம் மேலும் தெளிவாகப் பேசியது. அஸ்ஸாமின் 2018-ஆம் ஆண்டு விதிகளை மாதிரியாகக் கொண்டு உயர் நீதிமன்றங்கள் மூன்று மாதங்களில் விதிகளை வகுத்து அனுப்ப வேண்டும்; மாநில அரசுகள் அடுத்த மூன்று மாதங்களில் ஒப்புதல் அளிக்க வேண்டும்; பதவி இரண்டாம் நிலை அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் தரத்துக்குக் குறையலாகாது; தகுதித் தேர்வில் தேறும் பழைய மேலாளர்களின் தொடர்ச்சியான பணிக்காலம் ஓய்வூதியத்துக்குக் கணக்கிடப்பட வேண்டும், ஆனால் ஊதிய நிலுவை கிடையாது என்பன அதன் சாரம். மேலாளரின் கடமைகள் பதிவாளரின் கடமைகளோடு மோதலாகாது எனவும் அது எச்சரித்துள்ளது.

விதிகளை வகுப்போர் கல்வித் தகுதியில் காட்டும் அக்கறையை, சேர்ந்தபின் அளிக்கும் பயிற்சியிலும் காட்டினால் நலம் பயக்கும். புதிதாக வரும் மேலாளர் முதல் ஆறு மாதங்களை நகல் பிரிவிலும் நாசரின் அலுவலகத்திலும் ஆவணக் காப்பறையிலும் கழிக்கட்டும். மனுவொன்று நுழைவதிலிருந்து தீர்ப்பின் நகல் கட்சிக்காரர் கைக்குச் சேரும்வரை செல்லும் பாதையை அவர் கண்ணால் காண வேண்டும். அதுபோலவே, இருபது ஆண்டுகள் பணியாற்றிய சிரஸ்தேதார் ஒருவர் மாலை நேரக் கல்வியிலோ தொலைநிலைக் கல்வியிலோ மேலாண்மைப் பட்டம் பெற்றிருப்பின், இப்பதவிக்குப் போட்டியிட அவருக்கும் வாயில் திறந்திருத்தல் வேண்டும். நேரடி நியமனத்துக்கு எத்தனை இடம், உள்ளிருந்து வருவோர்க்கு எத்தனை என்பதை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுத்திக் கொள்ளலாம். கடமைப் பட்டியலை மட்டும் எழுத்தில் வரையறுத்து, மாவட்ட நீதிபதி தம் கையொப்பத்துக்குரிய கோப்புகளில் எவற்றை மேலாளரிடம் ஒப்படைக்கலாம் என்பதையும் அதிலேயே குறித்துவிட வேண்டும்.