விடுமுறைக் கூட்டமும் நீண்ட வரிசையும்: குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பாடசாலை லீவு விட்டால் லயத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த முறை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்பதுதான். சித்திரைப் புத்தாண்டு, ஆகஸ்ட் பெரஹரா, டிசம்பர் லீவு என்று வருடத்தில் மூன்று தடவை இந்தக் கேள்வி வரும். தெல்தோட்டை, கலஹா பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் நமக்குக் கண்டி கிட்டத்தில்தான் இருக்கிறது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டு பேராதனைப் பூந்தோட்டம், தலதா மாளிகை, வாவிக்கரை என்று சுற்றிவிட்டு வருகிறோம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, கொழும்புத் தாமரைக் கோபுரம், ஹங்வெல்லைப் பக்கத்து நீர் விளையாட்டுப் பூங்கா என்று தூரமாகவும் போகிறோம்.

ஒரு நாள் சுற்றுலா என்பது நமக்கு லேசான காரியமல்ல. பல நாள் சேர்த்த காசு வேன் கூலிக்கும் டிக்கட்டுக்கும் போய்விடும். வேலை நாளில் போனால் அன்றைய பேரும் இல்லை. அப்படிப் போன நாள் முழுவதும் வரிசையில் நின்றே கழிந்தால் யாருக்குத்தான் மனம் நோகாது? நோவது மனம் மட்டுமல்ல. கூட்டத்தில் உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு. ஆகவே கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவோம்.

கண்டியில் 2025இல் நடந்தது

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை கண்டி தலதா மாளிகையில் புனித தந்ததாதுவைப் பொதுமக்கள் பார்த்து வணங்க இடம் கொடுத்தார்கள். இதற்கு முன் இப்படி நடந்தது 2009இல். பதினாறு வருடம் காத்திருந்த சனம் நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் கண்டிக்கு வந்து குவிந்தது. வரிசை நகரத்துக்கு வெளியே கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. வயதானவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார் என்று இலட்சக்கணக்கானோர் பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் வீதியோரத்திலேயே கிடந்தார்கள். தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் பட்ட பாடு கொஞ்சமல்ல. நடுவிலேயே, "இனிமேல் யாரும் கண்டிக்கு வர வேண்டாம்" என்று பொலிஸார் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. வரிசையில் நின்றவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். பலரை வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள்.

நகரத்து மக்கள் சாதி மதம் பார்க்காமல் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். களைத்து வந்தவர்கள் படுத்துறங்கப் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அடுத்தவர் உதவியை நம்பி நாம் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது.

வரிசை ஏன் இப்படி நீளுகிறது?

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். கொழுந்து மிதமிஞ்சி வரும் மாதத்தில் தொழிற்சாலையில் என்ன நடக்கும்? வாட்டும் தட்டுகள் ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் தாங்கும். அதற்கு மேல் வருகிற கொழுந்து குவிந்து கிடக்கும். வரிசையும் அப்படியேதான். வாசலுக்குள்ளே போகிற ஆட்களைவிட வந்து சேருகிற ஆட்கள் கூடினால், மிச்சமானவர்கள் தெருவில் குவிவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாசலில் நிமிடத்துக்கு 100 பேர் உள்ளே போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரம் திறந்திருந்தால் 30,000 பேர் போகலாம். வரிசையில் மூன்று இலட்சம் பேர் நின்றால்? கடைசி ஆளுக்குப் பத்தாம் நாள்தான் முறை வரும்! எவ்வளவு பக்தி இருந்தாலும், எவ்வளவு தள்ளினாலும் இந்தக் கணக்கு மாறாது.

விளையாட்டுப் பூங்காவிலும் இதே கணக்குத்தான். ஒரு ராட்டினத்தில் ஒரு தடவைக்கு 20 பேர் ஏறலாம், ஏறி இறங்க ஐந்து நிமிடம் பிடிக்கும் என்றால் மணிக்கு 240 பேர். உங்களுக்கு முன்னால் 480 பேர் நின்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே வரிசையில் சேர்வதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்று எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். முன்னால் நிற்பவர்களையும் ஏறக்குறைய எண்ணுங்கள். மீதிக் கணக்கைப் பாடசாலைப் பிள்ளையிடம் கொடுங்கள், அதுவே போட்டுச் சொல்லிவிடும். அந்த நேரம் நமக்குக் கட்டுமா என்று அப்புறம் முடிவெடுக்கலாம்.

அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களிலும் இந்தத் தொல்லை உண்டு. 1999இல் அவர்கள் ஒரு புது வழி கொண்டுவந்தார்கள். வரிசையில் நிற்காமல் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். முதலில் அது இலவசமாக இருந்தது. 2021க்குப் பிறகு அதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். காசில்லாதவர்கள் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். அதை நாமே புத்தியாகச் செலவழிக்க வேண்டும்.

எந்த நாள், எந்த நேரம்?

1. போயா நாள், புத்தாண்டு வாரம், நீண்ட வார விடுமுறை ஆகியவற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். லீவின் நடுவில் வரும் ஒரு சாதாரண நாளில் கூட்டம் குறைவாக இருக்கும்.

2. வாசல் திறக்கும்போதே அங்கே நில்லுங்கள். அதிகாலையில் எழும்பிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வாசல் திறந்தவுடனேயே போனால் பிள்ளைகள் தாராளமாக ஓடியாடலாம்.

3. பூங்காவுக்குள் போனதும் எல்லோரும் விரும்பும் பெரிய ஆட்டத்துக்கு முதலில் போங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் சாப்பிடும்போது வரிசைக்குப் போங்கள்.

4. பெரஹரா பார்க்க விரும்புகிறவர்கள் கும்பல் பெரஹரா நடக்கும் முதல் ஐந்து இரவுகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். யானையும் நடனமும் அதிலும் உண்டு. கடைசி ரந்தோலி இரவில்தான் சனம் நெருக்கியடிக்கும். நல்ல இடம் வேண்டுமென்றால் அன்று பல மணி நேரம் முன்பே நடைபாதையில் குந்த வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது தண்டனை.

5. கூட்டமே இல்லாத இடங்களையும் நினைத்துப் பாருங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் முதன்முதலாக வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர நம் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. நம் தாத்தா பாட்டி உழைத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இவற்றைவிட நல்ல இடம் ஏது?

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆளுக்கு ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர், ரொட்டி அல்லது பிஸ்கட், இரண்டு பக்கட் ஜீவனி, தொப்பி அல்லது குடை, சின்னப் பிள்ளைக்கு மாற்றுத் துணி, தினமும் குடிக்கும் மருந்து மாத்திரை. அடையாள அட்டையும் திரும்பி வரப் பஸ் காசும் தனியாக, உள் பையில் இருக்கட்டும். நகை வீட்டில் இருக்கட்டும்.

தாய்மாருக்கு ஒரு விசேட வார்த்தை. "தண்ணி குடிச்சா ஒதுங்க இடமில்ல" என்று பயந்து பெண்கள் பலர் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் இதே பழக்கம்தான். இது நல்லதல்ல. 2024 அக்டோபர் 6ஆம் திகதி சென்னை மெரினா கடற்கரையில் விமானப்படைச் சாகசம் பார்க்க இலட்சக்கணக்கானோர் கூடினார்கள். வெயிலிலும் நெரிசலிலும் அன்று ஐந்து பேர் இறந்தார்கள். போய்ச் சேர்ந்தவுடன் மலசலகூடம் எங்கே என்று முதலில் பார்த்து வையுங்கள். அப்புறம் தைரியமாகத் தண்ணீர் குடிக்கலாம். கர்ப்பிணித் தாய்மாரும், நெஞ்சுவலி, பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களும் பெரிய வரிசைகளில் நிற்காமல் இருப்பதே நல்லது.

காத்திருக்கும் நேரத்தில்

சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், ஏதாவது செய்துகொண்டிருந்தால் சீக்கிரம் போய்விடும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதபோதுதான் எரிச்சல் கூடும். 1985இல் டேவிட் மைஸ்டர் என்பவர் காத்திருப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். ஆகவே பிள்ளைகளிடம், "இந்தா வந்திருச்சி, இந்தா வந்திருச்சி" என்று சொல்லாதீர்கள். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று உண்மையைச் சொல்லுங்கள். விடுகதை போடுங்கள், கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடச் சொல்லுங்கள். பெரியவர்கள் இருவர் இருந்தால் ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பிள்ளைகளை நிழலில் உட்கார வைக்கலாம். வரிசையை வெட்டி உள்ளே நுழைய வேண்டாம். சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

பிள்ளை காணாமல் போனால்

நகரத்துக் கூட்டத்தில் நம் பிள்ளைக்கு இரட்டிப்புக் கஷ்டம். சுற்றிலும் பேசுவது சிங்களம். ஒலிபெருக்கியில் சொல்வதும் அனேகமாகச் சிங்களம். அழுகிற பிள்ளை, "அம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாமல் நிற்கும். ஆகவே வீட்டிலேயே இவற்றைச் செய்யுங்கள்:

பிள்ளையின் பெயர், தோட்டம், டிவிசன், பெரியவர் இருவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வையுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

அன்று காலை பிள்ளைகளை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். என்ன நிறச் சட்டை என்ற கேள்விக்குப் பதட்டத்தில் யாருக்கும் பதில் வராது.

"தொலைஞ்சிட்டா நடக்காத, நின்ன இடத்துலயே நில்லு. நாங்க தேடி வருவோம். இல்லாட்டி பொலிஸ்காரர்கிட்ட, இல்லன்னா பிள்ளையோட நிக்கிற ஒரு அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லிக் கொடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு பெரிய மரத்தையோ வாசலையோ காட்டி, சந்திக்கும் இடம் இதுதான் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். பக்கத்திலுள்ள பொலிஸாரிடம் உடனே சொல்லுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பொலிஸ் அவசர இலக்கம் 119. சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 1990. சிறுவர் உதவிக்கு 1929.

நெரிசல் வந்துவிட்டால்

2022 அக்டோபர் 29ஆம் திகதி இரவு தென்கொரியாவின் சோல் நகரில், இட்டேவன் என்ற இடத்தில் பண்டிகைக் கூட்டம் ஒரு குறுகிய சரிவான சந்துக்குள் சிக்கிக்கொண்டது. 159 பேர் மாண்டார்கள். நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியல்ல. நான்கு பக்கமும் நசுக்குவதால் நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டித்தான் இறக்கிறார்கள்.

ஒரு பாய் விரிக்கும் இடத்தில் பத்துப் பேர் நிற்கும் அளவுக்குக் கூட்டம் இறுகினால் அது ஆபத்தின் எல்லை. நாம் நினைத்த பக்கம் கால் வைக்க முடியாமல் கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போவது போல் தெரிந்தால் உடனே வெளியேறப் பாருங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக ஓரத்துக்கு நகர வேண்டும். இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். சின்னப் பிள்ளையைத் தரையில் விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். செருப்போ போனோ விழுந்தால் குனிந்து எடுக்காதீர்கள். அது போனால் போகட்டும்.

வீடு திரும்பும் பயணம்

பெரஹரா கலையும் நேரத்தில் மலைப்பக்கம் வரும் கடைசி பஸ் அனேகமாகப் போயிருக்கும். எப்படித் திரும்புவது என்று தெரியாமல் இரவு நிகழ்ச்சிக்குப் போக வேண்டாம். "எப்படியாவது ஏறிப் போயிருவோம்" என்று நிறைந்து வழியும் வண்டியில் தொங்க வேண்டாம். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கரண்டிஎல்லவில் பயணிகள் நிறைந்த பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியுமா? வேனில் எத்தனை ஆசனமோ அத்தனை பேர் போவோம். சாரதி தூங்கி எழும்பியிருக்கிறாரா என்றும் கேட்போம். மழைக்காலத்தில் மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன்பே விசாரிப்போம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. "இன்னைக்கு வேணாம், திரும்பிருவோம்" என்று சொல்லும் துணிச்சல்தான் அது. காசு கட்டி வந்துவிட்டோமே, இவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே என்ற எண்ணம்தான் மயங்கி விழும்வரை ஆட்களை வரிசையில் பிடித்து வைக்கிறது. நின்ற நேரம் திரும்பி வராது. மேலும் நின்றாலும் அது வரப்போவதில்லை. மலையில் இடி மின்னல் வந்தால் கூடையை இறக்கிவிட்டு ஒதுங்குகிறோம். அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை. கூட்டத்திலும் அப்படி ஒதுங்கிக்கொள்வோம். வாவிக்கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டு, பிள்ளைகளோடு சிரித்துப் பேசிவிட்டு வந்தாலும் அது நல்ல சுற்றுலாதான்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த லீவுக்கு வேன் பேசும் முன்பே எல்லோரும் கூடி உட்கார்ந்து, எங்கே போவது, எப்போது போவது, எப்படித் திரும்புவது என்ற மூன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.