ரத்த அணு எண்ணும் கேமரா: ஏலூர்த் தொழிலாளிக்குச் சில விவரங்கள்

கொச்சியை அடுத்த ஏலூர் உத்யோகமண்டலில், ஃபாக்ட் உர நிறுவனத்தின் காப்ரோலாக்டம் தயாரிப்புக்கு மூலப்பொருள் பென்சீன். பென்சீன் ஆவியை நெடுநாள் சுவாசித்தால் எலும்பு மஜ்ஜை கெடும். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் குறையும். ரத்தப் புற்றுநோயும் வரலாம். பென்சீன் புழங்கும் எந்த ஆலையிலும் தொழிலாளியின் ரத்த அணு எண்ணிக்கையைப் பெயருக்குப் பார்த்துவிட்டு விட முடியாது.

அந்த எண்ணிக்கைக்கு இன்று குறைந்த செலவில் வழி இருக்கிறது. சாயமேற்றிய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கேமராவால் படமெடுத்தால், நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு மென்பொருள் அணுக்களை எண்ணிவிடும். பெங்களூருவின் சிக்டப்பிள் நிறுவனம் இத்தகைய கருவியைச் சந்தைக்கே கொண்டுவந்துவிட்டது. நோயியல் மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் அது தவறும் இடங்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு சிவப்பணுக்கள் ஒன்றாக எண்ணப்பட்டுவிடும். சாயத் துகள் பிளேட்லெட் கணக்கில் சேரும். எண்ணெய் லென்ஸின் ஒரு பார்வைப் பரப்பில் தெரியும் பிளேட்லெட்டுகளின் சராசரியை 15,000-ஆல் பெருக்கி மதிப்பிடுவது லேப்களில் வழக்கம். சராசரியில் ஒன்று பிசகினால், மைக்ரோலிட்டருக்கு 15,000 கூடும் அல்லது குறையும். சிலரது ரத்தத்தில், ஊதா மூடிக் குழாயிலுள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. பட்டதுமே பிளேட்லெட்டுகள் திரண்டுகொள்ளும். விலையுயர்ந்த கருவிகூட அப்போது குறைத்தே காட்டும். டெங்குக் காய்ச்சலின்போது இந்தப் பொய்யான எண் குடும்பத்தையே கலங்கடித்துவிடும். சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

ஆகவே எண் திடீரென்று குறைந்தால், ஸ்லைடை ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள். நோயறியும் மென்பொருளும் 2020 ஏப்ரல் முதல் சட்டப்படி மருத்துவக் கருவிதான். அதற்கு உரிமம் உண்டா என்று லேபில் விசாரிக்கலாம். தவறான ரிப்போர்ட்டால் பாதிப்பு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆபத்தான வேலை செய்பவரின் மருத்துவப் பதிவைப் பராமரித்து, அவர் பார்க்கத் தருவது நிர்வாகத்தின் கடமை. போபால் விபத்துக்குப் பின், 1987-இல் அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த கடமை இது. பென்சீனால் வரும் நோய் சட்டப்படி தொழில்சார் நோயாகவே இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களே, ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். வேலையை விட்டு ஊர் திரும்பும்முன் உங்கள் மருத்துவப் பதிவின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள்.